கீரையில் இல்லாதது

சுரக்குடி
3.9.2025

அன்புள்ள கீர்த்திகாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுதிப் போடுங்கள் என்றாய். எழுதுகிறேன். மயிலாடுதுறையில் உன் அண்ணன் வீட்டில் நீயும் இனியாவும் நலம்தானே?

நம் மகளைத் திருநள்ளாறு பஸ் நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் மழையில் நிற்க வைத்தது தப்புதான். கூப்பிடப் போகவேண்டும் என்பதே நினைவில் இல்லை. பெற்ற பெண்ணை ஒருவன் எப்படி மறப்பான்? எனக்கே விளங்கவில்லை.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. கொல்லை முருங்கைக்கீரை, கேழ்வரகு அடை, எள்ளுத் துவையல், முளைகட்டிய பயறு. மீன், முட்டை, பால் விட்டு ஐந்து வருஷம் ஆகிறது. கடலையும் மண்ணையும் நாமும் சேர்ந்து சுரண்டவேண்டாம் என்றுதான் விட்டேன், உனக்குத் தெரியும். ஆபீஸ் முகாமில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பதினான்கு இருக்கிறதாம். இரும்பு, சுண்ணாம்பு எல்லாம் செடியிலேயே கிடைக்கிறது, பார்.

பீரோ சாவியை எங்கே வைத்தாய்?

உன்,
ராஜ்மோகன்

*

மயிலாடுதுறை
8.9.2025

இனியா அப்பாவுக்கு,

நலம். இனியாவுக்குச் சளி விட்டுவிட்டது. பள்ளிக்கு இங்கிருந்தே பஸ்ஸில் போய் வருகிறாள். சாவி சாமி படத்துக்குப் பின்னால். கிளம்பும்போதே சொன்னேன்.

மழையில் நின்றதற்காக மட்டும் நான் கிளம்பவில்லை. அன்று சாயங்காலம் நீங்கள் என்னைச் சொன்ன சொல்லுக்காக. அதைப் பற்றி ஒரு வரி இல்லை, கீரைக்கு மட்டும் ஒரு பத்தி. செடியிடம் காட்டுகிற பொறுமையை வீட்டு மனுஷிகளிடம் காட்டக்கூடாதா? உங்களை எனக்குப் புரியவில்லை.

கீர்த்திகா

*

சுரக்குடி
13.9.2024

அன்புள்ள கீர்த்திகாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது என்றாய். எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். பேனா விரலில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதவேண்டியிருக்கிறது.

வரப்பில் விழுந்தேன். பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கிறது. ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் கடைத்தெரு வரை போய்விட்டேன். வயசாகிறது என்கிறார்கள். நாற்பத்தாறு ஒரு வயசா?

என்ன சொல்? யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. நீ எதற்காகப் போனாய்?

பீரோ சாவியை எங்கே வைத்தாய்?

ராஜ்மோகன்

*

மயிலாடுதுறை
17.9.2025

இனியா அப்பாவுக்கு,

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கேலி செய்கிறீர்கள் என்று முதலில் கோபம் வந்தது. பிறகுதான் தேதியைப் பார்த்தேன். போன வருஷத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

காரைக்காலில் லேபில் வேலை பார்க்கும் மர்யமிடம் போனில் படித்துக் காட்டினேன். “அண்ணன் பாலாச்சும் குடிக்கிறாங்களாக்கா?” என்றாள். இல்லை, ஐந்து வருஷமாக என்றேன். “மாத்திரை ஏதும்?” அதுவும் இல்லை என்றேன்.

“பி12 வைட்டமின் பாக்கணும்க்கா. கீரை, பயறுல மத்ததெல்லாம் கெடைக்கும், அது மட்டும் கெடைக்காது. ரத்தம் நல்லா இருக்குற மாதிரியே காட்டும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டிருக்கும். தள்ளிப்போடாதீங்க.”

வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். வண்டியை எடுக்காதீர்கள். போனிலும் சொல்வேன். மறந்துவிட்டால் இதைப் பாருங்கள்.

கீர்த்திகா

*

சுரக்குடி
20.11.2025

அன்புள்ள கீர்த்திகாவுக்கு,

பி12 ஊசி போட ஆரம்பித்து இரண்டு மாதம். நடை நேராகிவிட்டது. கால் கட்டைவிரல்கள் மட்டும் மரத்தே இருக்கின்றன. உணர்ச்சி திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். பாலும் மீனும் தொடவேண்டியதில்லையாம். அந்தச் சத்தை நுண்ணுயிரிலிருந்து எடுத்து மாத்திரையாகச் செய்கிறார்கள். அதை மட்டும் ஆயுசுக்கும் விடக்கூடாது. எத்தனையோ படித்தேன், இதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அன்று நான் என்ன சொன்னேன்? நீ வந்து கூட இருந்த பத்து நாளும் கேட்க வாய் வரவில்லை. எழுது.

உன்,
ராஜ்மோகன்

*

மயிலாடுதுறை
26.11.2025

அன்புள்ள இனியா அப்பாவுக்கு,

எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்தேன். அந்தச் சொல்லை எழுத மாட்டேன். உங்களுக்கு நினைவே இல்லை, எனக்கோ ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. அதைச் சொன்னது நோயா, நீங்களா? டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். “அதெல்லாம் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா” என்றார்.

நேற்று இனியா கேட்டாள்: “அப்பாதான் சரியாயிட்டாங்கல்ல, அப்புறம் ஏம்மா நாம இங்கயே இருக்கோம்?”

பரீட்சை முடிந்ததும் வருகிறோம். மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. கூட இருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீர்த்திகா