பொட்டாஷ் மூட்டையும் தனக்கொடியின் கூண்டும்

உ

திருக்கனூர்,
4-3-1984

அன்பு மகள் தனக்கொடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஸ்ட்ராஸ்பூர்க் பனியில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறக்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பாதி குறைந்துவிட்டது, மாடி ஏறி வடகம் பிழிகிறாள். நீ அனுப்பிய கம்பளிச் சால்வையை இந்த வெயிலிலும் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறாள்.

உன் கடிதம் போன மாதம் எட்டாம் தேதி வந்தது. உரக்கடையில் வைத்தே நாலு தடவை படித்தேன். மூலக்கூறுத் துண்டுகளைக் கரைசலில் விட்டால் யாரும் கோக்காமல் தாமே ஒன்றையொன்று பிடித்துக் கூண்டாகிவிடுகின்றன, அதற்குள் பொட்டாசியம் போய் உட்கார்ந்துகொள்கிறது, சோடியம் போனால் அளவு பொருந்தாமல் வெளியே வந்துவிடுகிறது, மூன்று முறை செய்தும் சரியாக வந்தது என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம் அம்மா. போன வருஷமே இந்தக் கூண்டு கிடைத்துவிட்டதாக உன் பேராசிரியரிடம் சொன்னாய், பிறகு நீ பார்த்தது பாத்திரத்தில் தங்கிவிட்ட பழைய உப்பின் அடையாளம் என்று நீயே கண்டுபிடித்து, அவர் கூட்டத்தில் பேசப் புறப்பட்ட அன்று காலையில் போய்ச் சொல்லிவிட்டாய். யாரும் கேட்காதபோது நீயாக எதற்கு வாயைத் திறந்தாய், ஒரு வருஷ உழைப்பு வீணாயிற்றே என்று அப்போது நான் கடுமையாக எழுதினேன். அதைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

தை மாதம் புதிதாக ஒரு மொத்த வியாபாரியிடம் பொட்டாஷ் உரம், உன் பொட்டாசியம்தான், வாங்கி இறக்கினேன். சிவப்பாக, பார்வைக்கு அசல் போலவே இருந்தது, நெல் நட்டவர்கள் வாங்கிப் போனார்கள். ஒரு வாரத்தில் காட்டேரிக்குப்பத்துப் பச்சையப்பன், பதினைந்து வருஷமாக நம்மிடமே உரம் வாங்குகிறவர், கருகிய பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்றார். "இன்னா மொதலாளி, ஒரம் போட்டதுல இருந்து நுனியெல்லாம் தீயுது" என்றார். வயலுக்குத் தண்ணீர் சரியாகக் கட்டியிருக்க மாட்டீர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். பொட்டாஷுக்கு உள்ள கசப்பே இல்லை, வெறும் சமையல் உப்பு. தெரிந்தும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை, கடையின் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம். இரண்டாம் நாள்தான் உன் கடிதம் வந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினேன், மனசு தாங்காமல் உரத்தின் கதையையும் சொன்னேன். "நம்ம பொண்ணு, தப்புன்னு தெரிஞ்சதும் தானே ஓடிப்போயி சொல்லிச்சி, நீங்க இன்னா பண்ணப் போறீங்க" என்று கேட்டுவிட்டு மோரை ஊற்றினாள். மறுநாள் காலையில் உன் பழைய சயின்ஸ் வாத்தியார் உலகநாதனிடம் பழைய மூட்டையிலிருந்து ஒரு பொட்டலமும் புதியதிலிருந்து ஒரு பொட்டலமும் கொண்டுபோனேன். கம்பி நுனியில் தொட்டு நெருப்பில் காட்டினார். பழையது ஊதாவாக எரிந்தது, புதியது நல்ல மஞ்சள். "சோடியங்க, உப்புல சாயம் ஏத்தி வித்திருக்கான்" என்றார். அன்றைக்கே சுற்றுக் கிராமங்களில் தண்டோரா போடச் சொன்னேன், தெய்வநாயகம் கடைப் பொட்டாஷை யாரும் போட வேண்டாம், போட்டவர்கள் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டுங்கள் என்று. நான் நேராகப் பச்சையப்பன் வயலுக்குப் போய், நாலு பேர் முன்னால், தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேன், என் தப்பு என்றேன். அவர் மடையை வெட்டிக்கொண்டே இருந்தார். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு மடையை வெட்டினேன். சிலர் பஸ் ஸ்டாண்டில் வைத்தே வைதார்கள், கேட்டுக்கொண்டேன். விவசாய அதிகாரி வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார், அந்த வியாபாரி மேல் வழக்கு வருமாம்.

பச்சையப்பன் வயலில் வரப்போரம் கொஞ்சம் பயிர் போய்விட்டது, அங்கே வேறு நாற்று வாங்கி நட்டுக் கொடுத்தேன். மற்றது பிழைத்துக்கொண்டது. முந்தாநாள் பச்சையப்பனே கடைக்கு வந்து, "குருத்து பச்சையா வந்துடுச்சி மொதலாளி" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து உன்னை விசாரித்தார். உன் கூண்டைப் பற்றி எனக்குப் புரிந்தவரை சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப பாப்பாவ ஒரு கூண்டு அனுப்பச் சொல்லுங்க, இனிமே மூட்டைய அதுல வுட்டுப் பாத்தே எறக்கலாம்" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

தனக்கொடி, போன வருஷம் நான் உனக்கு எழுதியது தவறு. நீ செய்ததுதான் சரி. எதிரில் நின்று சொல்ல எனக்கு வராது, அதனால் காகிதத்தில் சொல்லிவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் நிற்காதே, ராத்திரிச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே. கெங்கவராக நதீஸ்வரர் துணையாக, எடுத்த வேலை கைகூடி நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இனி ஒரு சோதனை பொய்த்தாலும் உன் பேராசிரியரிடம் சொல்கிற அன்றே எனக்கும் எழுது. திட்ட மாட்டேன்.

உன் பிரியமுள்ள அப்பா,
சோ. தெய்வநாயகம்