சாயப்பட்டறைச் சாம்பல்

ஆரணி,
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி நேமிகுமாருக்கு,

இந்த முறையாவது நம் மலையடி நிலத்தில் உளுந்து பிடிக்குமா என்று போன வாரம் போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. மண்ணைப் பற்றியே படித்து, இருபது வருஷத்துக்கு மேலாக மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் இப்படி எழுதக் கூடாதுதான். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன். படம் எடுத்து அனுப்புவேன், மஸ்கட்டில் வேலை முடிந்து அறைக்கு வந்தபின் படி.

இரண்டு போகம் உளுந்து மஞ்சளாகிப் போனதும், ஞானசந்திரன் அண்ணன் நிலத்தை மனை போடுகிறவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்றார். நான்தான் தடுத்தேன். மண்ணில் அமிலம் ஏறியிருக்கிறது, அதனால்தான் செடிக்குச் சத்துச் சேர்க்கும் முடிச்சு வேரில் கட்டவில்லை, அதைக் குறைத்துவிட்டு ஒரு போகம் பார்ப்போம் என்றேன். என் பேச்சை நம்பி நீயும் உன் பங்குக்குக் கையெழுத்துப் போடாமல் இருக்கிறாய். இந்தப் போகமும் போனால் இருவரையும் நான் ஏமாற்றியதாகத்தான் ஆகும்.

சுண்ணாம்புக்கல் தூள் போடச் சொன்னேன். சக்ரேஸ்வரி அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "சுண்ணாம்பக் கொட்டினா மண்புழு துடிச்சு சாவும். அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்றார். இது சுட்ட சுண்ணாம்பு இல்லை, வெறும் கல் தூள், யாரையும் சுடாது என்று விளக்கினேன். "படிச்சவ நீ, அப்டித்தான் சொல்லுவ" என்று உள்ளே போய்விட்டார். கடைசியில் விறகுச் சாம்பல் என்று முடிவானது. அதுவும் அமிலத்தைக் குறைக்கும். ஆரணியில் பட்டு நூல் காய்ச்சும் அடுப்புகளுக்குக் குறைவில்லை. சுதாகரின் சாயப்பட்டறையிலிருந்து நாற்பது மூட்டை வந்தது. அதைத் தூவித்தான் இந்தப் போகம் விதைத்தோம்.

எதையும் சோதிக்காமல் நம்பமாட்டேன் என்று என்னைக் கேலி செய்வாயே. மண்ணை மூன்று இடத்தில் எடுத்துச் சோதித்தேன். சாம்பலைச் சோதிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பட்டறைப் பக்கம் போனேன். சுதாகர் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். நூல் தோய்த்து முடித்த தொட்டியில் மீந்த, சாயம் பிடிக்க அமிலம் கலந்த தண்ணீரை வாளியில் மொண்டு தணல்மேல் ஊற்றினார். எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். "ஆமாக்கா. நல்ல தண்ணிய யாராச்சும் அடுப்புல ஊத்துவாங்களா?" என்று சிரித்தார்.

அன்றே, வீட்டில் மீதியிருந்த அரை மூட்டையைச் சோதித்தேன். நான் கணக்குப் போட்ட வலுவில் பாதிதான் இருக்கிறது; மண்ணின் அமிலத்தைக் குறைக்க வேண்டிய காரத்தை அடுப்பிலேயே அந்தத் தண்ணீர் தின்றுவிட்டது. அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

விதைத்து இன்று முப்பத்தைந்தாம் நாள். செடியைப் பிடுங்கி முடிச்சை அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது செடிக்குச் சத்துச் சேர்க்கிறது. வெள்ளையாக இருந்தால் இல்லை. காலையிலேயே பிளேடை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணி வரப்பிலேயே நிறுத்திவிட்டார். "இன்னிக்கு சதுர்த்தசிமா. நம்ம ஜைனருங்க பச்சையப் பிடுங்கக் கூடாது. நாளைக்குள்ள செடி என்னா பஸ் ஏறியா போயிடப்போவுது?" அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலது பச்சை, சிலது வெளிர். இலையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இங்கே நான்கு நாளாக மழை இல்லை. அண்ணனுக்கு முழங்கால் வலி, மருந்தை நினைத்தால் சாப்பிடுகிறார். உன் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று நீ சொல்லவே இல்லை.

தம்பி, நான் சொன்னதற்காக மட்டும் கையெழுத்தை நிறுத்தி வைக்காதே. என் கணக்கில் தவறு இருந்தது என்று தெரிந்துகொண்டு நீயே முடிவெடு. எது செய்தாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா அமிர்தா

வெள்ளி, காலை பத்து மணி.

நேற்று அனுப்பவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

சாம்பல் போட்ட இடத்தில் நான்கு செடி பிடுங்கினோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாம்பல் போடாமல் விட்டிருந்த ஓரத்தில் நான்கு. ஓரத்துச் செடிகளில் முடிச்சே அபூர்வம், இருந்ததும் வெள்ளை. மற்ற நான்கிலும் சேர்த்து முப்பத்தொரு முடிச்சு. அதில் பன்னிரண்டில்தான் சிவப்பு.

அண்ணன் கேட்பதற்கு முன்னால் சாயத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாதி வலுவுக்கே இவ்ளோன்னா, முழுசாப் போட்டுப் பாக்க வேணாமா?" என்றார். அங்கேயே நின்று மனைக்காரருக்குப் போன் செய்து, தை வரைக்கும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முழுசாகப் போட்டால் பலிக்கும் என்று நான்கு செடியை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதை அண்ணனிடம் சொல்லவில்லை. நீ முடிவெடுக்கும்போது அதையும் சேர்த்து எண்ணிக்கொள்.