குடைக்கல்லில் குளித்த ராஜா

செப்டெம்பர் 2, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கொறக்காப்புளி சாக்கில் பரப்பிக் காயப்போட்டாயிற்று. மூலைக்கு ஒரு கல்.

ஃபோன் டவர் கட்ட இடம் பார்க்க டவர் கம்பனி ஆட்கள் வந்தார்கள். இந்தத் தோட்டத்தில் இத்தனை பேர் இருக்க, நேராக என்னிடம்தான். (ரோட்டிலிருந்து ஏறினால் எங்கள் லயத்து வரிசையில் முதல் வீடு என்னுடையது. அதுவும் ஒரு காரணம்.) அவர்களில் பொறுப்பானவர் பெயர் பிரதீபன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ரேடியோ நாடகத்தில் கேட்கிற மாதிரி தமிழ். இது ஃபோன் கம்பனி இல்லையாம். டவர் மட்டும் கட்டி, மூன்று ஃபோன் கம்பனிக்கும் அதில் இடம் கொடுக்கிற கம்பனி.

"லயத்துக்கு ஒரு பைப்பு, மூணு வீட்டுக்காரங்க தண்ணி பிடிக்கிற மாதிரி" என்றேன்.

"அதேதான் ஐயா!"

ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியது நாட்டுக்கு நட்டம்.

குடைக்கல்லுக்கு நானே கூட்டிப்போனேன். நாற்பத்திரண்டு படி. இங்கே அந்தக் கல்லின் உச்சியில் மட்டும்தான் சிக்னல். மூன்று படிவம் நிரப்பினார்கள். கரண்ட் எங்கிருந்து, லொறி ஏறுமா, பக்கத்து வீட்டுக்காரர் சம்மதமா. எல்லாவற்றுக்கும் நான்தான் பதில். கடைசியில் ஒரு கேள்வி: "இங்க பழைய கட்டிடம், கல்வெட்டு ஏதும் இருக்கோ ஐயா?"

கல்லில் இரண்டு குழி இருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு மருந்து கலக்க வெட்டியது. என் மாமனாரே உளி பிடித்தவர். ஆனால் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு வாய் வருமா? ஒரு ராஜா எதிரிக்கு ஒளிந்து இங்கே தங்கியது, ஏழு ராணிகளோடு அந்தக் குழிகளில் குளித்தது, பாறைக்குப் பின்னால் எழுத்து இருப்பது, அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பது வரைக்கும் சொன்னேன். பிரதீபன் ஒன்று விடாமல் எழுதினார். கீழே என் கையெழுத்து. அடியில் கோடும் இழுத்தேன்.

டவர் வந்தால் வீட்டுக்குள்ளேயே ஃபோன் எடுக்கும் என்று படுக்கையில் கிடக்கிற மனைவி சரோஜாவிடம் சொன்னேன். "நெசமாவா? படுத்துக்கிட்டே பேசலாமா?"

"சாய்ஞ்சிக்கிட்டு, கால் மேல கால் போட்டுப் பேசலாம்."

"கால் மேல கால் போடத்தான் டாக்டர் விடல" என்றாள். சிரித்தாள். ஐந்து வாரத்தில் முதல் தடவை.


செப்டெம்பர் 5, வெள்ளி

சாமான்: மண்ணெண்ணெய், காலைச் சாப்பாட்டுக்குப் பாண், சரோஜாவுக்கு வலி மாத்திரை, ஃபோனுக்கு ரீலோட்.

வெள்ளிதான் மகள் மலருக்கு லீவு. ஜோர்தானில் தையல் ஃபெக்டரி. சாயந்தரம் ஆறரைக்குக் கூப்பிடுவாள். முன்பெல்லாம் சரோஜாதான் கல்லேறுவாள். போன மாதத்துக்கு முந்தின மாதம் பேசிவிட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. பெரிய ஃபோனும் போயிற்று. எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். ஃபோனுக்கு ஒன்றும் வைக்க முடியவில்லை. இப்போது என் பட்டன் ஃபோன்தான். இந்த ரோட்டில் ஏற்றி ஆட்டிக்கொண்டு போனால் கம்பி அசையும் என்று டாக்டர் சொன்னதால் டவுனுக்குக் கூட்டிப்போய்ப் பேச வைக்கவும் வழியில்லை. மலரின் குரலை அவள் கேட்டு ஆறு வெள்ளி.

மலர் சொன்னது: சாப்பிட்டாச்சுப்பா. சூடு அதிகம். அம்மா எழும்பி உட்காருறாங்களா? தீபாவளிக்கு வந்துருவேன்.

நான் கீழே வந்து சொன்னது: ஃபெக்டரியிலேயே முதல் தையல்காரி என்று மேடையேற்றி மாலை போட்டார்கள், முதலாளியம்மா கட்டிப்பிடித்தார், ஒட்டகத்தில் ஏற்றி ஊர்வலம்.

சரோஜா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுல அவ சொன்னது எது, நீங்க சொன்னது எதுங்க?" என்றாள்.

"எல்லாம் அவ சொன்னதுதான்."

"ஒட்டகமுமா?"

த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிற குமார் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றான். "அத்தை, நான் வேணுன்னா மேல போய் மலர் பேசுறத வீடியோ எடுத்துட்டு வாறேன்."

"வேணாம்ப்பா. நான் ஒண்ணு கேக்கணும், அவ ஒண்ணு சொல்லணும். அதான் பேச்சு."

டவர் வரட்டும்.


செப்டெம்பர் 9, செவ்வாய்

பலாபத்வல டவுனுக்குப் போய் வந்தேன். பலசரக்குக் கடையில், சலூனில், பஸ் ஹோல்ட்டில், எல்லா இடத்திலும் டவர் பேச்சுதான் (நான்தான் பேசினேன்). தலைமை ஆபீசிலிருந்து என்னைக் கேட்டுத்தான் உயரத்தையே முடிவு செய்தார்கள் என்றேன். யாரும் மறுக்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது குமார் மட்டும், "மாமா, ராஜா குளிக்கிறப்ப உங்க தாத்தாதான் முதுகு தேச்சாரா?"

"தாத்தா இல்லடா, அவருக்கும் தாத்தா."

சிரித்துச் சிரித்து வண்டியைக் குழியில் விட்டான்.

சரோஜா கட்டிலைச் சன்னலைப் பார்க்கத் திருப்பச் சொன்னாள். டவர் அங்கிருந்து தெரியுமாம். கட்டிலை இழுத்ததில் என் முதுகு பிடித்துக்கொண்டது.


செப்டெம்பர் 12, வெள்ளி

வெயில். மலருக்கு அரை மணி நேரம் முன்னமே கல்லேறினேன். உச்சியில் ஃபோன் அடித்தது. பிரதீபன்.

"ஐயா, குடைக்கல் சைட்டை விட்டிட்டம்."

"ஏன் தம்பி?"

"நீங்கள் சொன்ன ராசா கதைதான். கல்வெட்டு இருக்கெண்டு எழுதினனான். தொல்பொருள் ஆக்கள் வந்து பாத்து, கடிதம் தந்தாத்தான் கட்டலாம் எண்டு எங்கட ஆபீசில சொல்லிட்டினம். அதுக்கு மாதக்கணக்காகும். ஃபோன் கம்பனி மூண்டும் பொறுக்க மாட்டினம். பலாபத்வல ரோட்டுப் பக்கம் வேற இடம் றெடியா இருக்கு, அங்க போறம்."

"தம்பி, ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல. அது மருந்து கலக்குன குழி. எங்க மாமனார் வெட்டுனது. எழுத்தும் கிடையாது, பாசிதான். அந்தக் கடதாசியக் கிழிச்சிருங்க."

"கையெழுத்து வச்சுத் தந்திட்டியள் ஐயா. அது மேலிடத்துக்குப் போயிட்டுது. இப்ப இல்லையெண்டு நீங்கள் சொன்னாலும் ஆக்கள் வந்து பாக்கத்தான் வேணும்."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "அண்டைக்கு ஏன் ஐயா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

மகள் கூப்பிடுகிற நேரம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு மலர் கூப்பிட்டாள். என்ன பேசினோம் என்று நினைவில்லை. டவர் எப்பப்பா வரும் என்று கேட்டாள். வருது வருது என்றேன்.

சரோஜாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.


செப்டெம்பர் 16, செவ்வாய்

குமாரின் த்ரீவீலில் புது இடத்துக்குப் போனேன். பிரதீபனிடம் நேரில் பேசினால் எதையும் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை. என் வாய்க்கு மசியாத ஆள் இல்லை என்று வழி முழுக்கக் குமாரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாலு குழி தோண்டிக் கம்பி கட்டியிருந்தது. சீமெந்து மூட்டை, கல், மணல். கொங்கிரீட் நாளைக்கு.

பிரதீபன் பிளேன்டீ தந்தார். கோபமே இல்லை அவருக்கு. அதுதான் தாங்க முடியவில்லை. "உங்கட லயம் எந்தப் பக்கம் ஐயா?" கை காட்டினேன். நான் காட்டிய இடத்தில் மலைதான் இருந்தது.

"மலை மறைக்குது. இஞ்ச இருந்து உங்கட பக்கம் படாது."

"இன்னும் உயத்திக் கட்டினா?"

தலையாட்டினார். இல்லை என்று.

"இனி எங்க பக்கம் வருவீங்களா?"

"தெரியாது ஐயா. பொய் சொல்ல விருப்பமில்லை."

திரும்பும்போது குமார் ஒரு பகிடியும் விடவில்லை. லயத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தி, "அத்தைகிட்ட நான் சொல்லவா மாமா?" என்று மட்டும் கேட்டான். நானே சொல்கிறேன் என்றேன்.

சொல்லலாம் என்று உள்ளே போனால் அவளே, "டவர் வரலதானே?" என்றாள்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நாலு நாளா நீங்க ஒண்ணும் கூட்டிச் சொல்லல."

ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன். ராஜா, ராணி, கையெழுத்து, எல்லாம். அவள் திட்டுவாள் என்று நின்றேன். தண்ணீர் கேட்டாள். குடித்தாள். "குழி வெட்டுறப்ப எங்கப்பாவுக்குக் கை நெறைய கொப்புளம்" என்றாள். அவ்வளவுதான்.

கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுக்கவா என்றேன். வேண்டாமாம்.


செப்டெம்பர் 19, வெள்ளி

புழுக்கம். மேற்கே கறுத்திருக்கிறது. கொறக்காப்புளி இன்னும் இரண்டு வெயில் காய வேண்டும்.

ஆறரை. நான் ஃபோனை எடுத்தவுடனே மலர் அழுதாள். தீபாவளிக்கு வரமாட்டாள். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறாள். ஊருக்குப் போகாமல் ஒப்பந்தத்தை நீட்டுகிறவர்களை மட்டும்தான் வைத்துக்கொள்வார்களாம், மற்றவர்களை அனுப்பிவிடுவார்களாம்.

"அம்மாகிட்ட நான் எப்பிடிப்பா சொல்றது? நீங்களே சொல்லிருங்க. ஒங்களுக்குத்தான் நல்லா சொல்ல வருமே."

"சரிம்மா."

"அம்மா கொரல ஒருக்கா கேக்கணும்ப்பா."

லைன் கட்டாயிற்று. மறுபடி வரவில்லை.

இறங்கும்போது யோசித்தேன். முதல் பத்துப் படியில் ஒன்று: மலருக்குப் பதவி உயர்வு, தலைமைத் தையல்காரி, அதனால் வர முடியாது. அடுத்த பத்தில் இன்னொன்று: விமானமெல்லாம் நிறைந்துவிட்டது, தைப்பொங்கலுக்குக் கட்டாயம். சரோஜா விழுந்த படி வந்தது. உட்கார்ந்தேன். மூன்றாவது ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து, மலர் சொன்னதை அவள் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். அழுததையும். அம்மா குரல் கேட்க வேண்டும் என்றதையும். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சரோஜா என் முகத்தையே பார்த்தாள். ஒட்டகம் எங்கே என்று தேடுகிற மாதிரி.

"இத்தன வருசமா எவ்வளவு சொல்லியிருக்கீங்க" என்றாள். "இது ஒண்ணு ஒங்க பொய்யா இருக்கக் கூடாதா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தாள். இடுப்பு விடவில்லை. சன்னலைப் பார்த்தபடியே கிடக்கிறாள்.

மழை இறங்கிவிட்டது. கொறக்காப்புளி இன்னும் வெளியே. எடுக்கப் போகிறேன்.