வலி நாள் ரத்தம்

செவ்வாய்க் கோள், பனிக்கிணறு நிலையம்.
இதைக் கண்டெடுப்பவருக்கு. எழுதுபவர்: நிலைய மருத்துவர் தமயந்தி.

நாள் 203. காலை 8.10
நிலையத்தில் இருவர்: துளைப்பொறியாளர் லூர்தையா, வயது 51, மற்றும் நான். தண்ணீர் இருப்பு நாற்பது நாளுக்கு.

லூர்தையாவுக்கு மறுபடியும் கவுட் மூட்டுவலி. வலது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்திருக்கிறது. யூரிக் அமிலம் 9.6. மூன்று வேளையும் ஈஸ்ட் புரதம், குடிக்க அளவுத் தண்ணீர். ஏறாமல் என்ன செய்யும்? ரத்தம் எடுத்தேன். 'வலி நாள் ரத்தம்' என்று குறித்து, இதய அட்டவணையில் சேர்க்காமல் விட்டேன். மூட்டு வீங்கியிருக்கும்போது ரத்த எண்கள் தாறுமாறாக ஏறிக் காட்டும், அவற்றை நம்பக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவள் நான்தான். கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாள் 209. காலை 7.30
வீக்கம் வடிந்துவிட்டது. லூர்தையா வண்டியில் துளைக் கொட்டகைக்குப் புறப்பட்டார். பதினோரு கிலோமீட்டர். மூன்று நாள் அங்கேயே தங்கி வேலை.

நாள் 211. காலை 10.05
அரையாண்டு அறிக்கை தயாரிக்கிறேன். லூர்தையாவின் இதய அட்டவணை காலியாக இருக்கிறது. ஒரு வரிகூட இல்லை. கருவி விழுங்கிவிட்டது என்று முதலில் சிரித்தேன்.

கருவி விழுங்கவில்லை. அந்த மனிதர் கால் வலித்தால் மட்டுமே என்னிடம் வருவார். நல்ல நாளில் கூப்பிட்டால், "நல்லா இருக்குத மனுசன ஏன் போட்டுக் குத்துதீக?" என்று வானொலியிலேயே மறுத்துவிடுவார். நானும் விட்டுவிடுவேன். ஏழு மாதத்தில் ஏழு முறை எடுத்த ரத்தமும் வலி நாள் ரத்தம். ஏழையும் ஒதுக்கியிருக்கிறேன்.

10.40
ஒதுக்கியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். வீக்கத்தைக் காட்டும் எண்கள் ஏறி இறங்குகின்றன, அது சரி. ட்ரோபோனின் இறங்கவே இல்லை. இதயத் தசை நைந்தால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. 6, 9, 11, 15, 19, 24, 31. கட்டைவிரல் வீக்கம் இப்படிப் படி வைத்து ஏறாது.

கவுட் வந்து போன அடுத்த சில வாரங்களில்தான் மாரடைப்புக்கு அதிகம் பயப்பட வேண்டும். வகுப்பில் இதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

12.15
வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். அவர் ஏறி உட்கார்ந்தால் போதும், வண்டி தானே ஓடி வந்துவிடும். ஆனால் வேலை நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் பூமிக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். காரணத்தில் என் விதியும் என் பெயரும் இருக்கும். எப்படியும் நாளை வந்துவிடுவார். நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

மாலை 3.20
லூர்தையா, வானொலியில்: "தண்ணி கண்டுட்டோம் டாக்டரம்மா. காலுல வலியே இல்ல, ஓடச் சொன்னாலும் ஓடுவேன். தாடதான் கொஞ்சம் கடுக்கு. பல்லா இருக்கும்."

நான்: "சரிங்க லூர்தையா. நாளைக்கு வந்ததும் பாத்துக்கலாம்."

தாடைக் கடுப்பு என்றால் என்னவென்று முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. வானொலியை அணைத்துவிட்டு, அது பல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாள் 212. காலை 9.15
அழைப்புக்குப் பதில் இல்லை. வண்டியை வரவழைத்தேன். காலியாக வந்தது. ஏறிப் போனேன்.

பகல் 12.30
துளைப்பொறியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடல் விறைத்துவிட்டது. மாரடைப்புக்கு முதல் மருந்தான ஆஸ்பிரின், டப்பாவோடு அவர் கைக்கு எட்டும் தட்டில் இருந்தது. நான் வைத்ததுதான். பிரிக்கப்படவில்லை. யாராவது சொல்லியிருந்தால்தானே பிரிப்பார்.

நாள் 214. பகல் 1.00
பூமியிலிருந்து: "இதய அட்டவணையில் எச்சரிக்கை எதுவும் பதிவாகவில்லை. எல்லாம் விதிப்படி நடந்துள்ளது. தங்கள் மீது பிழை இல்லை."

காலி அட்டவணையில் என்ன எச்சரிக்கை இருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், சோறு சுத்தம் என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. சான்றிதழைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

அவர் எடுத்த தண்ணீரைத்தான் குடிக்கிறேன். நல்ல தண்ணீர்.

நாள் 215. காலை 11.20
லூர்தையாவின் மனைவி செல்வமேரியிடமிருந்து குரல் செய்தி: "டாக்டரம்மா, அவுக ரொம்பக் கஷ்டப்பட்டாகளா? நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு ஆபீசுல சொன்னாக. அது ஒண்ணுதான் எங்களுக்கு ஆறுதலு. நீங்க நல்லா இருக்கணும்."

நான்கு முறை கேட்டேன்.

11.50
கஷ்டப்படவில்லை, தூக்கத்தில் போய்விட்டார் என்று ஒரு பதில் பேசினேன். அழித்துவிட்டேன். ஏழு எண்களையும் தேதியோடு பூமிக்கு அனுப்பிவிட்டேன், நாள் 211, 12.15 மணிப் பதிவோடு சேர்த்து. அது சுலபம். இது வரமாட்டேன் என்கிறது. எழுதி வைத்துக்கொண்டு படிக்கலாம் என்று எழுதத் தொடங்குகிறேன்.

"செல்வமேரி அக்கா, நான் அவர் பக்கத்துல இல்ல. அவர் மட்டும் தனியா இருந்தார். தாடை கடுக்குதுன்னு எங்கிட்ட சொன்னார். அது நெஞ்சுன்னு எனக்கு அப்பவே தெரியும் அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டியில ஏறி உக்காந்திருப்பார். நான் சொல்லல. ஏன்னா நான்