நான் ஊற்றிய இரும்பு டானிக்

அன்பு மகளுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகமா என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால் அதை எழுதவில்லை.

சின்ன வயதில் ஒரு கேள்வி கேட்டாய். பாட்டில் எண்ணெய் நன்றாக இருக்க, துருப்பிடித்த டின்னில் இருந்தது மட்டும் ஏன் சிக்கு வாடை அடிக்கிறது என்று. இரும்பு ஒரு கோள்மூட்டி, காற்றுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் புகுந்து மூட்டிவிடும், ஒரு துளி கெட்டால் பக்கத்துத் துளியையும் கெடுக்கும் என்றேன். அதையே பிடித்துக்கொண்டு மேலே படித்தாய். செல்லின் உறையும் கொழுப்புதான், இரும்பு மிஞ்சினால் அதுவும் சிக்குப் பிடித்துச் செல்லே செத்துவிடும், வெப்பத்தில் வாடும் வேருக்கும் நுண்புழுவுக்கும் மனித ஈரலுக்கும் அது ஒரே சாவுதான் என்று எனக்கே பாடம் நடத்தினாய். பூரித்துப்போனேன்.

அந்த நீதான், அப்பா உடம்பில் இரும்பு ஏறிக்கிடப்பதை ஒரு வருடமாக என்னிடம் மறைத்தாய். ரத்த தானம் என்று சொல்லிக் கிளம்புவார். இவ்வளவு அடிக்கடியா என்றால், அபூர்வமான குரூப் என்பார். நானும் நம்பி மாடிவீட்டு அக்காவிடம் பெருமையடித்தேன். போன ரத்தம் ஊறட்டும் என்று இரும்பு டானிக் வாங்கி வேளை தவறாமல் ஊற்றினேன். மறுத்தால் குட்டு உடைந்துவிடுமே, முகம் சுளிக்காமல் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் தலைசுற்றுகிறது என்றதால் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடவே போனேன். நர்ஸ் பெண், "என்ன சார், இன்னைக்குக் காவலுக்கு ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்க?" என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை; இரும்பு டானிக் குடித்தும் ஏன் தலைசுற்றல் என்று நான் கேட்டதும் நிமிர்ந்தார். "இரும்பைக் குறைக்கத்தான் நாங்க ரத்தத்தையே எடுக்குறோம், அந்தப் பக்கம் யாரும்மா டானிக் ஊத்துறது? ஈரல் தாங்குமா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். உன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல, பொண்ணும் வேணாம்னுட்டா" என்றார்.

டானிக் ஊற்றுவதை முன்பே உன்னிடம் போனில் சொன்னேனே. "அப்பாவுக்கு அந்த ருசி பிடிக்காதும்மா, விட்டுடேன்" என்றாய். ருசியாம்! அவர் காய்ச்சலைக்கூட மறைக்கிற மனிதர், அவரைத் தள்ளு. இரும்பு என்ன செய்யும் என்று தெரிந்த நீ, என் கையாலேயே ஊற்ற விட்டாயே.

ஈரல் தேறிவிடும் என்கிறார் டாக்டர். என் கோபம் இன்னும் தேறவில்லை. ஆனாலும் நீ நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். இந்த இரும்பு ஏறும் நோய் பரம்பரையாக வரக்கூடியதாம். நாளைக் காலையே போய் உன் ரத்தத்தில் இரும்பு எவ்வளவு என்று பார். முடிவு எதுவானாலும், அப்பாவிடம் சொல்வதற்கு முன் என்னிடம் சொல்.

அம்மா