அம்மா பெயரில் ஓர் எழுத்து

கொட்டாஞ்சேனை,
1943 ஆவணி, ஞாயிறு.

அன்பு மகள் ஐறீனுக்கு,

நான் சுகம். உன் சுகத்தை மாதாவிடம் நாள்தோறும் கேட்டபடி இருக்கிறேன், பதில் போடுவதில் அவவும் நீயும் ஒரே மாதிரித்தான். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு ஆள் எழுதி நீ அறிவதற்கு முன். மதராஸ் மடத்து அச்சுக்கூடத்தில் நீ பழகுகிற எழுத்துச் சாதிகளையும் எழுத்தின் உறுப்புகளையும் படம் கீறி அனுப்பினாயே, அதைப் பாடமாக்குகிறேன் என்று போன ஞாயிறு பிரசங்க நேரத்தில் கோயில் சுவரில் பதித்த இங்கிலீசுக் கல்லைப் பார்த்தபடி, இந்த எழுத்து நுனியில் பாதம் வைத்த சாதியா வெறுங்கால் சாதியா என்று யோசித்துக்கொண்டிருந்தவன், கண்டுபிடித்த சந்தோசப் புளுகத்தில் "வெறுங்கால்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். முன்னுக்கு இருந்த மனுசி திரும்பிப் பார்த்துக் காலைச் சேலைக்குள் இழுத்தாள். சுவாமி கொஞ்சம் நிறுத்தினார், பிறகு நரகத்தைப் பற்றித் தொடர்ந்தார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு இந்த வயதில் இது ஏன் என்று சிரிப்பாய். எழுத்துக் கோக்கிறவர்கள் எல்லோரும் துறைமுகத்தில் நேவி வேலைக்குப் போய்விட்டார்கள், மெசினுக்குக் கடதாசி கொடுத்துக்கொண்டிருந்த என்னை முதலாளி ஸஹாப்தீன் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். யுத்தத்தால் புது எழுத்து வருவதில்லை, பெட்டிக்குள் எல்லாச் சாதியும் கலந்து கிடக்கிறது, தடித்தது, மெலிந்தது, சரிந்தது என்று. உன் படத்தை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றாய்த் தூக்கிச் சுழி உருண்டையா ஒடுக்கமா, கொம்பு நிமிர்வா சாய்வா, தோள் எப்படி, வயிறு எப்படி என்று பார்த்துப் பிரிக்கிறேன். ஆனால் மகளே, எழுத்துக்கு உடம்பு இருக்கிறது என்று நீ சொல்லித்தந்ததில் ஒரு வினையும் வந்து சேர்ந்தது. இப்போது அவை எனக்கு ஆட்களாய்த் தெரிகின்றன.

எங்கள் அச்சுக்கூடத்து வழக்கம் உனக்குத் தெரியும், மரண அறிவித்தல் அடித்த எழுத்தை உடனே கலைப்பதில்லை, நூல் சுற்றி வைத்து, மாதப் பூசைக்கும் ஆண்டுப் பூசைக்கும் அதே பெயர் வரியை எடுத்து அடித்த பிறகுதான் கலைப்பது. பயணப் பத்திரம் கிடைக்காமல் அம்மாவின் அடக்கத்துக்கு நீ வரமுடியாமல் போனபோது, "நான் வந்து அந்தப் பெயரைத் தொட்டுப் பார்க்கும்வரை கலைக்கவேண்டாம் அப்பா" என்று எழுதினாய், நானும் ஓம் என்றேன். ஆண்டுப் பூசை முடிந்தும் உன் அம்மா கொன்ஸ்ரன்ஸ் என் பெட்டிக்குக் கீழ்த் தட்டில்தான் இருக்கிறாள். ஈயத்தில் எல்லாம் இடம் வலம் மாறித்தானே இருக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்க்கிறது போல. குனிந்தால் அந்த ஸ் முதுகை வளைத்து, ஒரு காலை மடித்து, மீன் வெட்டக் குந்தியிருக்கிற உன் அம்மாவேதான். மேலே புள்ளி, கொண்டை. பட்டப்பகலில், மெசின் கடகடக்கிற சத்தத்துக்குள், எழும்பி வந்து உப்புக் காணுமா என்று கேட்டுவிடுவாளோ என்று கழுத்துக் கூசும்.

இந்த நிலையில் முதலாளியின் மகள் றஸ்மியாவுக்குக் கலியாணம் சரிவந்தது. "என்ட மகள்ட கலியாணக் காட், வஸ்தியான், மாப்புள வீட்டு ஆக்கள் கண்ணாடி இல்லாம வாசிக்கணும், நல்லாப் பெருசாப் போடுங்க" என்றார். பெரிய தடித்த சாதியில் ஸ் இரண்டே இரண்டு, இரண்டும் உன் அம்மா பெயரில். நான் சத்தம்போடாமல் மெலிந்த சாதி ஸ் ஒன்றைச் செருகி ஒத்திகைப் பிரதி எடுத்துக் காட்டினேன். "மாஷா அல்லாஹ், சோக்கா ஈக்கி, அடிங்க" என்றார். அடித்திருக்கலாம், ஒரு குஞ்சும் அறிந்திராது, உன் படம் வராதிருந்தால் நானும் அறிந்திருக்கமாட்டேன். ஆனால் இப்போது கண் அதிலேயே போய் நிற்கிறது, உயரம் சரி, உடம்பு மெலிவு, சுழி ஒடுக்கம், றஸ்மியாவுக்கு நடுவில் வேறு வீட்டு நோயாளி நிற்கிறது போல. அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் கஞ்சிச் சட்டியோடு வந்து தலைமாட்டில் இருந்த பிள்ளை றஸ்மியா, நீ இருக்கவேண்டிய இடத்தில் இருந்த பிள்ளை. அதன் பெயரை ஊனமாய் அடிக்க என்னால் முடியவில்லை. நூலை அவிழ்த்து, கடைசி ஸ்-ஐ எடுத்தேன், நடுவில் எடுத்தால் பெயர் முறிந்துபோகும். கையில் வந்தபோது சூடாக இருந்தது. மெசினுக்குப் பக்கத்துத் தட்டு, அதனால்தான் என்று நினைக்கிறேன். அப்படித்தான் நினைக்கவேண்டும்.

நேற்று அடித்து முடித்தோம். இங்கேயிருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் றஸ்மியாவின் பெயருக்குள் ஒளித்துக்கொண்டு உன் அம்மா இனி வீடு வீடாய்ப் போவாள், அழைக்காத கலியாணத்துக்கும் வெளிக்கிடுகிறவள்தானே. அச்சைக் கழுவி எழுத்தைத் திருப்பி வைப்பதற்குள் முதலாளி கதவைப் பூட்ட நின்றார், நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் பக்கத்தில் ஒரு நடை கேட்டது. ட்ராம் வந்தபோது, நான் அறியாமலே விலகி உள்பக்கத்தை விட்டுக்கொடுத்தேன். வீட்டில் இரண்டு சோற்றுப் பீங்கான் வைத்தேன், வைத்ததை எடுக்க மனம் வரவில்லை. எழுத்து இன்னும் அந்தச் சட்டையில்தான், கதவில் தொங்குகிறது, எழுதும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் எழுதுகிறேன். நாளைக்குத் திருப்பி வைத்துக் கட்டிவிடுவேன், நீ வரும்போது பெயர் முழுதாய் இருக்கும். கொடுத்த வாக்கை அவிழ்த்தேன் என்று கோபமென்றால் எழுதி ஏசு, ஏசுகிற கடிதமென்றாலும் வந்தால் போதும்.

ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் வாயில் வைக்காதே, பயணப் பத்திரம் கிடைத்த உடனே தந்தி அடி. நீ தொடுகிற எழுத்தெல்லாம் நல்ல சேதிக்கு ஆகட்டும், அம்மாவும் நானும் உன் தலையில் கை வைக்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. வஸ்தியாம்பிள்ளை

பி.கு. திங்கள் காலை. நான் குளிக்கும்போது டோபி வந்து, கதவில் தொங்கிய சட்டையையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கிறான். கஞ்சி போட்டு வெள்ளிக்கிழமை தருவான்.