பொத்தான் பூவும் தம்பியின் வளைவும்

ஜூன் 3

காலையில் தாவர ஆய்வு அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே நல்ல செய்தி. பொத்தான் செடியை இந்த வருடமே மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். எங்கள் அலமாரியில் உலர்த்திய மாதிரிகளாகக் காத்துக் கிடக்கும் செடிகளுக்குக் கணக்கே இல்லை. அரிதானதா, அழிந்துகொண்டிருக்கிறதா, இல்லை, யார் கண்ணிலும் படாமல் சுகமாக வாழ்கிறதா என்று எவரும் சொல்லாமல் வருடக்கணக்கில் தூங்குபவை. அதில் ஒன்று வரிசையைத் தாண்டி முன்னால் வந்திருக்கிறது என்றால் காரணம் என் நச்சரிப்புதான். அலுவலகத் தலைவியே சொல்லிவிட்டார்: "உங்க தொல்லை தாங்காமத்தான் சேர்த்தேன்."

பொத்தான் என்பது நானும் ஓவியரும் வைத்த பெயர். புத்தகப் பெயர் வாயில் நுழையாது. தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும் இலை, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் ஊதாப் பூ. எங்களுக்குத் தெரிந்து மேட்டுச் சாலைச் சரிவில் மட்டும்தான் இருக்கிறது. அலுவலகத்தில் செடிகளை வரைபவர் ஓவியர். அவருக்கு என்னைவிட சந்தோஷம். பென்சிலைச் சீவி வைத்துவிட்டார்.

முடிவு தெரியும்வரை அந்தச் சரிவில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டியது.

ஜூன் 5

வேறு யாராவதாக இருந்திருக்கக் கூடாதா?

தம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வந்தான். உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "அக்கா, புதுசா எனக்கு ஒரு வேலை குடுத்தாங்கன்னு சொன்னேன்ல, மேட்டுச் சாலை வளைவ நேராக்குறது? அத நிறுத்தி வெச்சிருக்காங்க. ஏதோ புல்லாம்."

"புல்லு இல்லடா. பூச்செடி."

கரண்டியைக் கீழே வைத்தான். "நீயா?"

"நான்தான்."

"போன வருஷம் அந்த வளைவுல ஒரு வேன் கவுந்துச்சு. டிரைவருக்கு இன்னும் கை சரியா வரல. அது தெரியுமா உனக்கு?"

தெரியும். தெரியும் என்றுதான் சொன்னேன். அவன் ரோடு போடுகிற இன்ஜினியர், நான் செடி பார்க்கிறவள். சின்ன வயதில் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொண்டோம், இப்போது ஒரு சரிவுக்கு. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரோடு, செடி ரெண்டையும் வெளிய செருப்போட விட்டுட்டு வந்து சாப்பிடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் அவரை முறைத்தோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

ஜூன் 6

தம்பி போனை எடுக்கவில்லை. நானும் மறுபடி அடிக்கவில்லை. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

ஜூன் 19

நானும் ஓவியரும் நாள் முழுக்கச் சரிவில். பொத்தானை எண்ணுவதென்றால் குப்புறப் படுத்தால்தான் முடியும். ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, "விழுந்துட்டீங்களாம்மா?" என்று இறங்கி ஓடிவந்தார். பூவைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார். "இதுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஓவியர் சிரித்த சிரிப்பில் ஒரு கோடு தாளைவிட்டே வெளியே ஓடிவிட்டது.

மதியம் சாலையின் எதிர்ப்பக்கம் தம்பியின் ஆட்கள் அளவெடுக்க வந்தார்கள். கூடவே அவனும். பேசவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். கிளம்பும்போது மட்டும் காற்றிடம் சொல்வதுபோல், "வெறும் செருப்போட ஏறாத, பாம்பு இருக்கும்" என்று கத்திவிட்டுப் போனான்.

ஜூலை 2

எண்ணிக்கையைத் தொகுத்தோம். மிகக் குறைவு. "அப்பாடா, இவ்வளவுதானா!" என்று துள்ளினேன். அப்புறம்தான் உறைத்தது. நான் காப்பாற்ற நினைக்கும் செடி குறைவாக இருப்பதற்கா நான் துள்ள வேண்டும்? நோயாளிக்குக் காய்ச்சல் ஏறியிருக்கிறது என்று டாக்டர் கைதட்டுகிற மாதிரி. இது என்ன பிழைப்பு!

ஜூலை 20

என் வீட்டுக்காரருடைய சிநேகிதர் வீட்டுக்குப் போகும் வழியில் டயர் பஞ்சர். ஊருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் ஒரு செங்கல் சூளைக்குப் பக்கத்தில். அவர் டயரைக் கழற்றினார், நான் அப்படி மாட்டு, இப்படி மாட்டு என்று யோசனை சொன்னேன். ஒரு கட்டத்தில், "கொஞ்ச நேரம் அங்கிட்டுப் போய் நில்லேன்" என்றார். ரோஷத்தில் எங்கேயும் போகாமல் நின்றேன். கடைசியில் அவர்தான் கை கழுவத் தண்ணீர் தேடிச் சூளைக்குப் பின்னால் போனார்.

அங்கிருந்து குரல். "இங்க வா. இது உன்னோட பொத்தான் மாதிரி இல்ல?"

மாதிரி இல்லை. அதேதான். உடைந்த செங்கல், சாம்பல், துருப்பிடித்த தகரம், அதற்கு நடுவே கால் வைக்க இடமில்லாமல் ஊதா ஊதாவாக. எனக்கு முதலில் வந்தது கூச்சல். கட்டிப்பிடித்துச் சுற்றினேன், அவர் கையிலிருந்த அழுக்கெல்லாம் என் சேலையில்.

பிறகு இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. இவ்வளவு இருந்தால் அது அரிதில்லை. அரிதில்லை என்றால் சரிவு போச்சு.

காரில் ரொம்ப தூரம் போனபின் அவர் சொன்னார்: "நான் எதையும் பாக்கல. பஞ்சர் மட்டும்தான் பாத்தேன். நீ என்ன சொல்றியோ அதான்."

ஜூலை 21

தூக்கம் வரல. சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்? சூளைப் பக்கம் யாரு போறா? சரிவு தப்பிக்கும், மூணு வருஷமா நான் முட்டி தேயப் போன சரிவு. அங்க பொத்தான் மட்டுமா இருக்கு? தும்பி இருக்கு, ஓணான் இருக்கு, பேரு தெரியாத எத்தனையோ இருக்கு.

ஆனா வேன் ஓட்டுனவரு கை?

சரி, அதுகூட வேண்டாம். அத ஒதுக்கி வெச்சிட்டே கேக்குறேன். நாளைக்கு நான் இன்னொரு செடிய அழியப்போகுதுன்னு சொன்னா, அதை நானே நம்புவேனா?

ஜூலை 22

சொல்லிவிட்டேன். தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நாம எங்கெல்லாம் தேடினோம்?" என்று கேட்டார்.

"காடு, ஆத்தங்கரை, பாறை..."

"எல்லாம் அழகான இடம். குப்பை கொட்டுற இடத்துல தேடினோமா?"

தேடவில்லை. எங்களுக்கும் மூக்கு இருக்கிறது இல்லையா!

ஓவியர் மட்டும் மதியம்வரை என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு வாழைப்பழத்தைப் பாதியாக உரித்துக் கொடுத்தார். சமாதானம்.

ஆகஸ்ட் 9

இரண்டு வாரமாகப் பாழ்நிலமாகத் தேடித் திரிகிறோம். பழைய ரயில் கிடங்கின் ஓரம்: இருக்கிறது. இடித்த மில்லின் முற்றம்: இருக்கிறது. வாய்க்கால் தூர்வாரிக் கொட்டிய மண்மேடு: அங்கேயும் ஜம்மென்று இருக்கிறது. கிளறிப்போட்ட மண் என்றால் இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். மேட்டுச் சாலைச் சரிவே முன்னொரு காலத்தில் ரோட்டுக்காக வெட்டியதுதானாம், தலைவி சொன்னார். தம்பியின் இயந்திரத்தின் மேல் பொத்தானுக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. நான்தான் அதன் சார்பில் கோபப்பட்டிருக்கிறேன்.

கூச்சமாக இருக்கிறது. ஆனால் சிரிப்பும் வருகிறது. பரிதாபமான பிள்ளை என்று இடுப்பில் தூக்கிச் சுமந்தேன், இறக்கிவிட்டால் அது ஓடுகிறது.

ஆகஸ்ட் 27

மதிப்பீட்டுக் குழு முடிவு சொல்லிவிட்டது. 'கவலைப்பட வேண்டியதில்லை.' செடிக்குத்தான் சொன்னார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28

சாயங்காலம் தம்பி வந்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு. வாசலிலேயே நின்றான். அம்மா, "உள்ள வர்றதுக்கும் அனுமதி வாங்கணுமாடா?" என்று இழுத்து உட்கார வைத்தார்.

"சூளைல இருக்குன்னு யாரு கண்டுபிடிச்சா?" என்று என்னைக் கேட்டான்.

"உங்க அத்தான். டயர் மாத்தும்போது."

"போய்ச் சொன்னது?"

"நான்."

"எங்க ஆபீஸ்ல உங்கள மாதிரி ஆளுங்களப் பத்தி என்ன பேசுவாங்க தெரியுமா? பூ பாக்குறவங்க எதையும் அரிசுன்னுதான் சொல்லுவாங்கன்னு."

"அரிசு இல்லடா, அரிது."

"அதான்." அம்மா ஊற்றிய காபியைக் குடித்து முடித்தான். பிறகு, "சரிவு போறது உனக்குக் கஷ்டமா இருக்குமில்ல?" என்றான்.

இருக்கும் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. தலையை ஆட்டினான். இரவு சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். மீதி இருந்ததையும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனான், திருட்டுப்பயல்.

செப்டம்பர் 15

வேலை ஆரம்பித்துவிட்டது. பார்க்கப் போகக் கூடாது என்று இருந்தேன், போய்விட்டேன். முதல் மண் சரிந்தது. தும்பிகள் பக்கத்து வயலுக்குப் போய்விட்டன. ஓணானைக் காணவில்லை. தம்பி தூரத்தில் நின்றான், பக்கத்தில் வரவில்லை. வந்திருந்தால் அழுதிருப்பேன். அதைத் தெரிந்துதான் வரவில்லை என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 23

அலமாரியிலிருந்து அடுத்த செடியை எடுத்தேன். சதுப்பில் வளரும் கோரை. பூ என்று சொல்ல எதுவும் இல்லை. ஓவியர் பார்த்துவிட்டு, "இத வரையவா நான் படிச்சேன்?" என்றார். உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறது போலத் தெரிகிறது. குப்பைமேடுகளில் முதலில் தேடிவிட்டுச் சொல்கிறேன்.

அக்டோபர் 10

காலையில் தம்பி போன் செய்தான். மூச்சு வாங்கியது. "அக்கா, உடனே வா. வளைவத் தாண்டி மேல வெட்டிட்டு இருக்கோம். ஒரு செடி. மஞ்சப் பூ, இலை பூரா முள்ளு. நான் பாத்ததே இல்ல. மெஷின நிறுத்தி வெச்சிருக்கேன்."

"நிறுத்திட்டியா? உங்க மேலதிகாரி?"

"அக்கா பாத்துச் சொல்லட்டும்னு சொல்லியிருக்கேன். அவரும் சரின்னுட்டாரு. நீ சொன்னா நம்பலாமாம்."

பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனேன். இயந்திரம் கையை மடித்துக்கொண்டு நின்றது. செடியைச் சுற்றி யாரோ கல் அடுக்கி, கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். வேலையாட்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி நின்றார்கள். எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு, சாக்கடையோரம்கூட முளைக்கும் களை. ஆனாலும் மண்டி போட்டேன். லென்ஸை எடுத்தேன்.

"இது எல்லா இடத்துலயும் இருக்குடா. வேலையப் பாரு."

தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று. "நல்லாப் பாத்தியா?"

நன்றாகத்தான் பார்த்தேன். அவனுக்காக இன்னொரு தடவையும் பார்த்தேன்.